ஐசியூவில் ஒரு கிடார்: செவிலியரின் காது எதைக் கேட்கிறது?

தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியருக்குக் காதுதான் இரண்டாவது கண். முதுகைத் திருப்பி நின்று மருந்து கலக்கும்போதே எந்தப் படுக்கையில் வென்டிலேட்டர் குழாய் கழன்றது, எந்தப் பம்பில் மருந்து தீர்ந்தது என்று சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். அந்த அறைக்குள் நோயாளிக்கு வாசித்துக் காட்ட ஒருவர் கிடாரோடு வந்து உட்கார்ந்தால் அவர்களுக்கு முதலில் வருவது ரசனை அல்ல, கவலை: அலாரம் காதில் விழுமா?

கவலை நியாயமானதுதான். மருத்துவக் கருவிகளுக்கான சர்வதேசத் தரம் அலாரத்தின் அடிப்படை அதிர்வெண்ணை 150 முதல் 1,000 ஹெர்ட்ஸுக்குள் வைத்திருக்கிறது. வயலினின் மிகத் தாழ்ந்த தந்தி 196 ஹெர்ட்ஸ். இசையும் அலாரமும் ஒரே பாதையில்தான் நடக்கின்றன. அவசர அலாரம் ஐந்தைந்தாகப் பத்துத் துடிப்பு அடிக்கும்; அடுத்த நிலை அலாரம் மூன்று. அதனால் உச்ச ஸ்தாயியில் ஒரே ஸ்வரத்தை வெடுக் வெடுக்கென்று திரும்பத் திரும்ப மீட்டக் கூடாது. பல்ஸ் ஆக்சிமீட்டரின் ‘பீப்’ ஒலி, ஆக்சிஜன் குறையக் குறையச் சுருதி இறங்கும். அந்த இறக்கத்தைக் காதாலேயே பிடிக்கப் பழகியவருக்கு, பக்கத்தில் மெட்டு ஒன்று கீழே இறங்கினால் ஒரு நொடி நெஞ்சு பதறும். இதற்காக இசை நேரத்தில் அலாரத்தின் ஒலியளவைக் குறைத்துவைப்பது பெரிய தவறு. பிறகு கூட்ட மறந்துவிடும். அலாரம் அடித்ததும் நிறுத்த வேண்டியது வாசிப்பவர்தான்.

ஏற்கெனவே இரைச்சலான இடத்தில் இன்னொரு ஓசை எதற்கு? உலக சுகாதார நிறுவனத்தின் 1999 வழிகாட்டுதல் நோயாளி வார்டுகளுக்குச் சொல்வது 30 டெசிபல். ஐசியூக்களில் அளந்தால் பெரும்பாலும் 50-ஐத் தாண்டும். டெசிபல் மடக்கைக் கணக்கு என்பதால் இந்த 20 டெசிபல் வித்தியாசம் ஒலி ஆற்றலில் நூறு மடங்கு. காதுக்கு ஏறக்குறைய நான்கு மடங்குச் சத்தம். ஆனால் நோயாளியை வதைப்பது அளவு மட்டுமல்ல, எப்போது வரும் என்று தெரியாத தன்மையும்தான். திடீர் ஒலி மூளைத்தண்டைத் தட்டி எழுப்புகிறது. அட்ரினலின் ஏறுகிறது, இதயம் வேகமெடுக்கிறது, தூக்கம் கலைகிறது. சீரான மெட்டில் அடுத்து வருவதை மூளை முன்கூட்டியே ஊகிக்கிறது, திடுக்கிட வேண்டியிருப்பதில்லை.

இசை உதவும் என்பதற்கு எண்களும் உண்டு. அமெரிக்காவின் மின்னியாபொலிஸ்–செயின்ட் பால் பகுதியில் 12 ஐசியூக்களில், வென்டிலேட்டரில் இருந்த 373 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2013-ல் வெளியானது. தாங்களே தேர்ந்தெடுத்த இசையை வேண்டும்போது ஹெட்ஃபோனில் கேட்டவர்களுக்கு, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிடப் பதற்றமும் குறைந்தது, மயக்க மருந்தின் தேவையும் குறைந்தது. ஆனால் அது பதிவு செய்த இசை. நேரடி இசையில் கூடுதலாகக் கிடைப்பது, வாசிப்பவர் நோயாளியைப் பார்த்து மாற்றிக்கொள்ள முடிவது.

அது நடக்கும் விதம் இது. நோயாளி நிமிடத்துக்கு 28 முறை மூச்சு விடுகிறார் என்று கொள்வோம். மூன்று எண்ணிக்கைத் தாளத்தில் ஒரு ஆவர்த்தனம் ஒரு மூச்சு என்றால் நிமிடத்துக்கு 84 தட்டு. முதலில் அந்த வேகத்திலேயே தொடங்கி, சில நிமிடம் கூடவே போய், பிறகு 80, 76, 72 என்று மெல்ல இறக்குவார்கள். மூச்சும் பின்தொடர்ந்தால் 24-க்கு வரும். வராவிட்டால் இழுக்கக் கூடாது. அதே இடத்தில் நிற்க வேண்டும். எடுத்த எடுப்பிலேயே 60-ல் தொடங்குவதுதான் புதியவர்கள் செய்யும் பிழை. தவிக்கிற உடலோடு அது ஒட்டாது.

மானிட்டரும் ஏமாற்றும். வென்டிலேட்டர் முழுக்கட்டுப்பாட்டு முறையில் இருந்து, நோயாளி தானாக மூச்சைத் தூண்டாவிட்டால், வேகத்தை இயந்திரம்தான் தீர்மானிக்கிறது. எவ்வளவு இனிமையாக வாசித்தாலும் நிமிடத்துக்கு 16 மூச்சு என்று வைத்தது 16-தான். பேஸ்மேக்கரோ, இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்தோ இருந்தால் இதயத்துடிப்பும் சாட்சி சொல்லாது. அப்போது செவிலியர் பார்ப்பது புருவச் சுருக்கம், இறுகிய கை, வென்டிலேட்டரோடு மல்லுக்கட்டும் இருமல். வலியை மதிப்பிடும் 0–8 அளவுகோலிலும் இவைதான் இடம்பெறுகின்றன. வாசிப்புக்கு முன்னும் பின்னும் அந்த மதிப்பெண்ணைக் குறித்துவைத்தால் போதும், வாதம் தேவையில்லை.

யாருக்கு இசை வேண்டாம் என்று சொல்வதும் செவிலியர்தான். டெட்டனஸ் நோயாளிக்கு ஒலியே தசை இசிவைத் தூண்டும். அங்கே இசைக்கு இடமே இல்லை. மண்டைக்குள் அழுத்தம் ஏறியவருக்குத் தூண்டுதல் எதுவானாலும் ஆபத்தாகலாம். பல மணி நேரம் கழித்து இப்போதுதான் கண்ணயர்ந்தவரை எழுப்பி இசை கேட்கவைப்பது அபத்தம். உடம்பைத் திருப்பிப் படுக்கவைத்து, சளி உறிஞ்சி, எல்லாம் அடங்கிய பிறகு 15–20 நிமிடம் நல்ல நேரம். காது கேட்கும் கருவி அணிபவருக்கு முதலில் அதைப் பொருத்துங்கள். மேசை டிராயரில் அது கிடக்க, பக்கத்தில் ஒருவர் வாசித்துக்கொண்டிருப்பது நடக்கக்கூடியதுதான்.

தொற்று விஷயத்தில் ஒரு நுணுக்கம். கருவியை ஆல்கஹாலால் துடைக்கச் சொல்வது எளிது. ஷெல்லாக் (அரக்கு) பூச்சுள்ள கிடாரில் ஆல்கஹால் பட்டால் பூச்சே கரைந்துவிடும். கார்பன் ஃபைபர் கருவி இதற்கு ஏற்றது. ஊதும் கருவிகள் எச்சில் துளிகளைப் பரப்பும் என்பதால் தவிர்ப்பதே நல்லது.

செவிலியருக்குள் நடப்பது ஒருபடித்தானதல்ல. அறையில் குரல்கள் தாழும், கை நிதானப்படும், “ஏழாம் நம்பர் படுக்கை” என்பவர் திடீரென்று பிடித்த பாட்டுள்ள ஒரு மனிதராகத் தெரிவார். அதே காரணத்தால் துக்கமும் உள்ளே புகுந்துவிடும். வேலை ஓட உணர்ச்சியைச் சற்றுத் தள்ளிவைத்திருப்பவருக்கு, பணி நடுவே கண் கலங்குவது ஆறுதலாகவும் இருக்கலாம், தொந்தரவாகவும் இருக்கலாம். நோயாளி இறந்துகொண்டிருக்கும் அறையென்றால், என்ன வாசிக்கப்போகிறார்கள் என்பதை அந்த ஷிஃப்டில் உள்ள செவிலியரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். போதும் என்று அவர் கையைக் காட்டினால், பல்லவி பாதியில் இருந்தாலும் தந்தியின் மேல் உள்ளங்கையை வைத்து ஒலியை அடக்கிவிட வேண்டும்.