வானிலைதான் பொய்

1947 ஜூலை 8. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உள்ள ராஸ்வெல் ராணுவ விமானத் தளம் ஓர் அறிவிப்பு விட்டது: பறக்கும் தட்டு ஒன்று எங்கள் கைக்கு வந்திருக்கிறது. சில மணி நேரத்தில் மேலிடம் அதை மறுத்தது. தட்டுமில்லை, கிண்ணமுமில்லை, விழுந்தது வானிலை பலூனாம்.

அதுவும் பாதி உண்மைதான். அது பெரும்பாலும் 'மோகுல்' என்ற ரகசியத் திட்டத்தின் பலூன் சரம் என்று விமானப்படை அறிக்கை சொன்னது 1994-இல். சோவியத் அணுகுண்டு வெடித்தால் அந்த ஓசை வளிமண்டலத்தின் மேலடுக்கில் வெகுதூரம் போகும். அதை ஒட்டுக்கேட்கத்தான் பலூனில் ஒலிவாங்கிகளைக் கட்டிப் பறக்கவிட்டார்கள். பலூன் மெய், வானிலைதான் பொய்.

அந்தப் பொய் மறுபடியும் வந்தது. 1955-இல் அமெரிக்காவின் யூ-2 உளவு விமானம் பறக்கத் தொடங்கியது. அன்றைய பயணிகள் விமானங்கள் 6 கிலோமீட்டர் உயரத்துக்குள் பறந்தன. இது 18 கிலோமீட்டருக்கும் மேலே. கீழே அந்தி சாய்ந்த பிறகும் அங்கே வெயில் இருக்கும், வெள்ளி இறக்கைகள் தகதகக்கும். பார்த்து பயந்து எழுதியவர்களுக்கு, பனித்துகள், வெப்பநிலை மாற்றம் என்றெல்லாம் பதில் போனது. 1950களின் பிற்பகுதியிலும் 60களிலும் வந்த பறக்கும் தட்டுப் புகார்களில் பாதிக்கு மேல் இந்த வகை உளவு விமானங்களால்தான் என்று அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏவின் வரலாற்றாய்வு ஒன்று 1997-இல் சொன்னது. (கணக்கு கொஞ்சம் தாராளம் என்று எனக்குப் படுகிறது.) 1960 மே மாதம் சோவியத் நாடு ஒரு யூ-2-வைச் சுட்டு வீழ்த்தியபோது, அது வானிலை ஆராய்ச்சி விமானம் என்றது நாசா. விமானி உயிரோடு எங்களிடம் இருக்கிறார் என்று சோவியத் தலைவர் குருசேவ் அறிவித்ததும் மானம் போயிற்று.

இங்கே வேலை செய்வது பேய்ஸ் தேற்றம்: புதுச் சேதி வந்ததும் நிகழ்தகவை எப்படித் திருத்துவது என்று சொல்லும் கணித விதி. ரேஷன் கடையில் சீனி இருந்தாலும் "இல்லை", தீர்ந்தாலும் "இல்லை" என்று ஒருவர் சொன்னால், அந்த "இல்லை"யிலிருந்து உங்களுக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஒரு சேதி இரண்டு நிலையிலும் ஒரே அளவு வரக்கூடியதென்றால், அதைக் கேட்ட பிறகும் உங்கள் நிகழ்தகவு நகராது. கேட்பதற்கு முன் என்ன நினைத்தீர்களோ அதேதான் மிஞ்சும்.

கவனியுங்கள், மிஞ்சுவது அதே அளவுதான், கூடுவதில்லை. மறுப்புக்கு மதிப்புப் போய்விட்டதால் வேற்றுக்கிரகவாசி வந்ததற்கான சான்று ஒரு துளியும் ஏறவில்லை. மனம் மட்டும் அப்படிக் கணக்குப் போடாது: பூஜ்யத்தைக் கூட்டல் குறியாக வாசிக்கும். "மறைக்கிறார்கள், அப்படியானால் இருக்கிறது" என்னும். எதையோ மறைத்தார்கள் என்பது உண்மையானதால், இந்தத் தாவல் நியாயம்போலவே தோன்றுகிறது.

வேற்றுக்கிரகவாசிகளை ஒளித்து வைத்திருப்பதாக வதந்தி உலவும் இடம், நெவாடா பாலைவனத்தின் 'ஏரியா 51' ரகசியத் தளம். அதன் பெயரைச் சொல்லும் ஆவணத்தை சிஐஏ வெளியிட்டது 2013-இல். பக்கம் பக்கமாகப் புரட்டினால் இருப்பது யூ-2 போன்ற உளவு விமானங்களின் வரலாறு.