நிறுத்தாமலே பறிபோகும் வேலை

“மிஸ், என்னை நிப்பாட்டினதெண்டு சொல்ல ஏலாது. வரச் சொல்லி ஆள் விடல்ல, அவ்வளவுதான்.”

சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றில் ஏழு வருடம் நாட்கூலிக்கு நின்ற ஒரு அக்கா சொன்னது இது. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது. அந்தப் பெரும்போகத்தில் விளைச்சல் விழுந்தது. ஆலைக்கு நெல் குறைய, வாரத்துக்கு ஆறு நாளாக இருந்த வேலை மூன்றானது. பிறகு அதுவும் இல்லை.

தொழில் வழக்குகளைப் பார்க்கும் சட்டத்தரணி நான். 2022இல் கட்டுநாயக்க வர்த்தக வலயத்தில் வேலை இழந்து ஊர் திரும்பிய பிள்ளைகள் சம்பளச் சீட்டு, சேமலாப நிதி (EPF) இலக்கம் என்று ஏதாவது ஒரு காகிதத்தோடு வந்தார்கள். தொழிற்சாலைகளுக்கு ஆள் கொடுக்கும் மேன்பவர் ஏஜென்சி மூலம் போனவர்களிடம் அதுவும் அரைகுறைதான். நமது கிழக்கு மாவட்டங்களிலோ ஆலை, கடை, மேசன் வேலை, மருதமுனைத் தறி என்று பெரும்பாலும் எல்லாமே வாய்ப்பேச்சு. நெருக்கடி வந்தால் யாரையும் நிறுத்தத் தேவையில்லை, கூப்பிடாமல் விட்டாலே போதும். நிறுத்தவில்லை என்பதால் கேட்கவும் வழியில்லை என்று நம் சனம் பேசாமல் இருந்துவிடுகிறது.

வழி இருக்கிறது. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் நாட்கூலிக்காரருக்கும் துண்டு வேலைக்காரருக்கும் முதல் நாளிலிருந்தே பொருந்தும். சம்பளத்தில் முதலாளி 12%, தொழிலாளி 8% கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ETF) முதலாளி இன்னும் 3%. உங்கள் 8 வீதத்தைச் சம்பளத்தில் கழிக்காமல் விட்டிருந்தால் அதையும் அவரே கட்ட வேண்டும், பின்னர் உங்களிடம் அறவிட முடியாது. “கேட்டால் உன் பங்கையும் வெட்டுவேன்” என்ற மிரட்டலுக்குப் பயந்து திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர்! 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்திருந்தால், வேலை முடியும்போது முதலாளி தர வேண்டிய பணிக்கொடையும் உண்டு. நாட்கூலிக்காரருக்கு வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம்.

வீட்டு வேலை செய்யும் பெண்களைச் சேமலாப நிதிச் சட்டம் சேர்க்கவில்லை. சம்பளம் இல்லாமல் மீனில் பங்குக்குக் கடலுக்குப் போகிறவர்களுக்கு முதலாளி யார் என்று காட்டுவதே பெரும்பாடு. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனபோது படகு கரையேறிய அந்தக் குடும்பங்களுக்குச் சொல்ல என்னிடம் சட்டம் எதுவும் இருக்கவில்லை. இன்றைக்கும் அது மனதை அறுக்கிறது.

சரி, எழுத்தில் ஒன்றும் இல்லாதவர் எதைக் காட்டுவது? அந்த அக்காவிடம் ஆலை கொடுத்த காலண்டர்கள் இருந்தன. வேலைக்குப் போன நாளுக்கெல்லாம் வட்டம் போட்டு வைத்திருந்தார். அதோடு கூட வேலை செய்த இரண்டு பேரின் வாக்குமூலமும் சேர்ந்தது. கொப்பியில் குறித்த நாட்கள், சம்பளம் சுற்றிவந்த கடித உறை, “நாளைக்கு வாங்க” என்று வந்த வாட்ஸ்அப் செய்தி, எதையும் எறியாதீர்கள்.

தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கச் சட்டத்தரணி தேவையில்லை. வேலை நீக்க வழக்குகளைக் கேட்கும் தொழில் நியாய மன்றத்துக்குப் போவதென்றால் வேலை போய் ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். கூப்பிட ஆள் வராத முதல் கிழமையையே எங்காவது குறித்து வையுங்கள்.