மாடியில் கீரை பெருத்தால் ரத்தப் பரிசோதனை ஏன் மாறுகிறது?

இதய வால்வு மாற்றி, ரத்தம் கட்டாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையில் இருப்பவர்களுக்கு ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்க ஐ.என்.ஆர். என்ற பரிசோதனை உண்டு. மாத்திரையை ஒருநாளும் விட்டதில்லை, ஆனாலும் அளவு இறங்கிவிட்டது என்று எங்கள் உணவியல் பிரிவுக்கு அனுப்பப்படுபவர்கள் உண்டு. விசாரித்தால் சிலர் வீட்டில் மொட்டைமாடித் தோட்டம் இருக்கும். “நாங்களே போட்ட கீரைங்க மேடம், மருந்துகூட அடிக்கல” என்பார்கள். முருங்கையும் முளைக்கீரையும் ஒரே சமயத்தில் தழைத்திருக்கும்; வீணாக்க மனமில்லாமல் தினமும் கடைசல், பொரியல்.

கீரையில் ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே அதிகம். வார்ஃபரின் வேலை செய்வதே அந்த வைட்டமினுக்கு எதிராகத்தான். திடீரென்று கீரை கூடினால் மாத்திரையின் பலம் குறைந்து ரத்தம் கட்டும் ஆபத்து. இதன் மறுபக்கத்தை யாரும் யோசிப்பதில்லை: சித்திரை வெயிலில் செடி கருகி, கீரை அடியோடு நின்றால் அதே மாத்திரை அதிகமாகிப் போய் ரத்தக்கசிவு வரலாம். அதனால் கீரையே தொடக்கூடாது என்று நான் சொல்வதில்லை. வாரத்துக்கு எத்தனை நாள், எத்தனை கரண்டி என்று ஒரே அளவாகச் சாப்பிடுங்கள். அளவை மாற்றுவதாக இருந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

இதற்கு வழி விதைக்கும்போதே இருக்கிறது. பாக்கெட் விதை முழுவதையும் ஒரே நாளில் தூவாதீர்கள். ஒரு தொட்டி இன்று, பத்து நாள் கழித்து அடுத்தது. முளைக்கீரை மூன்று நான்கு வாரத்தில் வேரோடு பிடுங்கத் தயாராகிவிடும். அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். விதை கடுகைவிடச் சிறியது. மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிசாக மண் மூடினால் போதும், ஆழமாகப் புதைத்தால் முளைக்காது. தொட்டி அரை அடி ஆழம் இருந்தாலே தாராளம். நம் ஊரில் 40 டிகிரியைத் தாண்டும் மாதங்களில் நிழல்வலை கட்டாயம். இலையின் அடியில் வெள்ளைப் புள்ளி வந்தால் அந்த இலைகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, தண்ணீரை இலைமேல் படாமல் வேரில் ஊற்றுங்கள்.

ஆன்லைனில் பாக் சோய் விதை வாங்குகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். நல்ல கீரைதான், சிறுநீரகக் கல்லுக்குக் காரணமாகும் ஆக்சலேட் குறைவு. ஆனால் அது குளிர் விரும்பி. கார்த்திகையில் போட்டால் தைக்குள் சாப்பிடலாம். மாசிக்கு மேல் போட்டால் பூத்துக் கசந்துவிடும். வெயில் காலத்துக்கு வள்ளைக்கீரை, கொடிப்பசலை இரண்டும் தெம்பாக வளரும். வள்ளையைத் தொட்டியில் வளருங்கள். சாக்கடை கலக்கும் ஏரியில் பறித்தது வேண்டாம்.

தண்ணீர் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துத் தோல் கழிவு பாலாற்றையும் நிலத்தடி நீரையும் என்ன செய்தது என்பது உங்களுக்கே தெரியும். 1996-இல் உச்ச நீதிமன்றம் அந்த மாசுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. மண்ணுக்குள் இறங்கியது தீர்ப்பு வந்ததும் வெளியேறிவிடாது. தோல் தொழிற்சாலைப் பக்கத்து போர் தண்ணீரைப் பரிசோதிக்காமல் கீரைக்கு ஊற்றாதீர்கள். தோல் கழிவில் வரும் குரோமியம் கொதிக்கவைத்தாலும் போகாது, கழுவினாலும் போகாது. மழைநீரும் அரிசி கழுவிய தண்ணீரும் மாடிக்குப் போதாவிட்டால், தொட்டியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இனி சமையல். கீரையில் இரும்புச்சத்து உண்டு, ஆனால் உடம்பு அதில் கொஞ்சத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். ரத்தசோகை உள்ள பெண்களுக்கு நான் சொல்வது: கடைசலில் தக்காளி சேருங்கள், இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள், சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள். தயிரையும் அந்த வேளை தள்ளிவையுங்கள், சுண்ணாம்புச்சத்து இரும்பைத் தடுக்கும். சிறுநீரகத்தில் ஆக்சலேட் கல் வந்தவருக்கோ நேர் எதிர்: கீரை சாப்பிடும் வேளையில் தயிர் சேர்த்தால் ஆக்சலேட் குடலிலேயே கட்டுப்பட்டு வெளியேறும். கீரையும் தயிரும் ஆகாது என்று பாட்டிமார் சொல்வதை இவர்கள் விஷயத்தில் நான் கேட்பதில்லை. ஒரே வீட்டில் மருமகளுக்கு ரத்தசோகை, மாமனாருக்குக் கல் என்றால் ஒரே சட்டியில் கடைந்து, தட்டில் மட்டும் பிரித்துக்கொள்ள வேண்டியதுதான்.

பச்சை நிறம் மாறாமலிருக்க ஆப்பசோடா போடும் பழக்கத்தை விடுங்கள். நிறம் நிற்கும், வைட்டமின் சி போய்விடும். மூடாமல் சீக்கிரம் வேகவைத்தாலே நிறம் அவ்வளவாக மாறாது.

வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், அதில் ஃபோலேட் என்ற பி வைட்டமின் இருக்கிறது. விதிவிலக்கு, சிறுநீரகம் பழுதாகி பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள். இவர்கள் கீரையைப் பொடியாக அரிந்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடித்துவிட்டு, சொல்லியிருக்கும் அளவு மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த வடித்த தண்ணீரில் ரசம் வைத்துக் குடித்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. பொட்டாசியம் இறங்கியிருப்பதே அந்தத் தண்ணீரில்தான். ஆறவைத்துச் செடிக்கு ஊற்றிவிடுங்கள்.