பிரமாண்டம்: முட்டையிலிருந்து வந்த சொல்

அளவில் மலைக்க வைக்கும் எதையும் இன்று நாம் பிரமாண்டம் என்கிறோம். மாநாட்டுப் பந்தலும் திரைப்பட அரங்கமைப்பும் துணிக்கடையின் புதிய கிளையும் விளம்பரத்தில் ஒரே அடைமொழியைப் பெறுகின்றன. சொல்லின் பிறப்பை அறிந்தால், ஒரு பந்தலுக்கு அதைச் சூட்டுவது எத்தனை பெரிய உயர்வு நவிற்சி என்பது விளங்கும்.

இது வடசொல். பிரமன், அண்டம் என்னும் இரண்டும் புணர்ந்து பிரமாண்டம் ஆயிற்று. அண்டம் என்றால் முட்டை. முட்டையிலிருந்து பிறக்கும் உயிர்களை அண்டசம் என்று நம் பழைய நூல்கள் வகைப்படுத்துவது இப்பொருளில்தான். மனுநூலின் முதல் அத்தியாயம் சொல்லும் படைப்புக் கதையில், ஆதி நீரில் இடப்பட்ட வித்து கதிரவனைப் போல் ஒளிரும் பொன் முட்டையாகிறது; அதனுள் பிறந்த பிரமன் ஓராண்டு தங்கியிருந்து, தன் எண்ணத்தாலேயே அதை இரண்டாகப் பிளக்க, ஒரு பாதி வானமும் மறு பாதி மண்ணும் ஆகின்றன. அந்த முட்டையே பிரமாண்டம், அதாவது நாம் காணும் உலகம் முழுவதும். பதினெண் புராணங்களுள் ஒன்றுக்குப் பிரமாண்ட புராணம் என்று பெயர் வந்ததும் இதனால்தான்.

இந்தியில் இச்சொல் இன்றும் பிரபஞ்சத்தையே குறிக்கிறது. தெலுங்குப் பேச்சு வழக்கில் 'மிக அருமை' என்று பாராட்டவும் பயன்படுகிறது. தமிழில் பிரபஞ்சம் என்ற பொருள் பின்னுக்குப் போய், அதன் அளவு மட்டும் தங்கிவிட்டது. உலகளவு பெரியது என்ற உவமை நாளடைவில் உவமை என்பதே மறந்து வெறும் அடைமொழியாகிவிட்டது. 'அண்டப் புளுகு' என்று நாம் சொல்வதிலும் இதே வழியைக் காணலாம்; அங்கே பொய்க்கு அண்டத்தின் அளவு தரப்படுகிறது.

எழுத்தைப் பொறுத்தவரை பிரமாண்டம், பிரம்மாண்டம் இரண்டும் வழங்குகின்றன. பிரமன் என்று தமிழாக்கி எழுதும் மரபு தேவாரக் காலத்திலேயே இருப்பதால் பிரமாண்டம் என்பதே எனக்கு ஏற்புடையது. மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது என்பதால் 'ப்ரமாண்டம்' என்று எழுதுவது தமிழ் மரபன்று.

இதற்கு நேரான தமிழ்ச்சொல் எது? ஒரே சொல்லைத் தேடுவதை விட, பொருளைப் பிரித்துப் பார்ப்பதே முறை. பிரபஞ்சத்தைக் குறிக்கப் பேரண்டம் என்ற சொல் நிலைத்துவிட்டது. அதிலும் அண்டம் வடசொல்லே என்பதை மறைக்க வேண்டியதில்லை. அளவைக் குறிக்க மாபெரும், பேருருவான என்பவை போதும். 'தடவும் கயவும் நளியும் பெருமை' என்று தொல்காப்பிய உரியியல் பெருமைக்கு மூன்று உரிச்சொற்களைத் தருகிறது. அவற்றுள் தட என்பது தடக்கை, தடந்தோள் என இலக்கியத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது. வெறும் பகட்டைக் குறிக்க வேண்டிய இடத்தில் பகட்டு என்றே எழுதலாம். பெருமிதம் என்ற சொல்லை இதற்கு ஈடாக்குவது பிழை. அது மெய்ப்பாடு, ஒருவரின் உள்ளத்தில் தோன்றுவது, கட்டடத்தின் அளவைக் குறிக்காது.

பெரு என்னும் எளிய அடையின் வலிமையை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம் என்பது என் எண்ணம். 1010-ஆம் ஆண்டில் இராசராசன் தஞ்சையில் எழுப்பி முடித்த கோயிலின் விமானம் இருநூறு அடிக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. மக்கள் அதை அழைப்பது பெரிய கோயில் என்றே. அங்கே உறையும் இறைவன் பெருவுடையார். இவற்றில் எந்த மிகையும் இல்லை, குறையும் இல்லை.

அளவோடு அழகும் உயர்வும் சேர்ந்த தோற்றத்தைச் சொல்ல மட்டும் எனக்கு இன்னொரு சொல் வேண்டியிருக்கிறது. அது திருவாசகத்திலேயே உள்ளது. திருவண்டப்பகுதியை மாணிக்கவாசகர் 'அண்டப் பகுதியின் உண்டைப் பிறக்கம்' என்று தொடங்குகிறார். உருண்டை உருண்டையான அண்டங்கள் நூற்றொரு கோடிக்கும் மேலாக விரிந்து கிடக்கும் காட்சியை, அந்த அண்டம் என்ற சொல்லை அருகில் வைத்துக்கொண்டே, பிறக்கம் என்கிறார். பிறங்குதல் என்றால் உயர்தல், ஒளிர்தல். பிறங்கல் என்றால் மலை. கோபுரத்தையோ மலைத்தொடரையோ வருணிக்கும்போது 'பிறங்கிய தோற்றம்' என்று எழுதிப் பார்க்கலாம்.