சேஃப்கார்டிங் – காப்புக்கடமை

கல்லூரிச் சுற்றறிக்கைகளில் வரும் 'ஸ்டூடண்ட் சேஃப்கார்டிங்' என்ற தொடரைப் பெரும்பாலும் 'மாணவர் பாதுகாப்பு' என்று பெயர்த்துவிடுகிறார்கள். படித்தவுடன் மனத்தில் வருவது வாயிற்காவலரும் அடையாள அட்டையும் கேமராவும்தான். மூலச்சொல்லின் பொருள் வேறு. துன்புறுத்தல், சுரண்டல், புறக்கணிப்பு, தன்னைத்தானே வருத்திக்கொள்ளுதல் ஆகியவற்றிலிருந்து மாணவரைக் காப்பதும், தீங்கின் அறிகுறி தெரிந்தால் உரியவரிடம் சேர்ப்பதும், சேர்த்தபின் என்ன நடந்தது என்று கேட்பதும் கல்லூரியில் வேலைபார்க்கும் ஒவ்வொருவருக்கும் உண்டான கடமை. சேஃப்கார்டிங் குறிப்பது இதைத்தான்.

சொல் ஆங்கிலத்துக்குப் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. முதற்பாதி 'சால்வுஸ்' என்ற இலத்தீன் சொல்வழி வந்தது. ஊறுபடாத, முழுமையான என்று பொருள். பிற்பாதி விழித்துப் பார்த்திருத்தலைக் குறிக்கும் ஜெர்மானிய வேர். விடுதிக் காப்பாளரைச் சொல்லும் 'வார்டன்' என்ற சொல்லும் அதே வேரில் பிறந்தது. இடைக்காலத்தில் பகைவர் நாட்டின் ஊடே தீங்கின்றிச் செல்லக் கொடுத்த பாதுகாப்புச் சீட்டுக்கும் இந்தப் பெயர் இருந்தது. இன்றைய பொருள் இங்கிலாந்தில் வேரூன்றியதில் 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம், தீங்குக்கு ஆளாகக்கூடிய பெரியவர்களைக் காப்பதையும் சட்டக் கடமையாக எழுதியது. உயர்கல்விக்கு இது முக்கியம். பள்ளிப் பிள்ளை விஷயத்தில் பெற்றோருக்குச் சொல்வது இயல்பான அடுத்த படி. பதினெட்டு வயது கடந்த மாணவர் விஷயத்தில் அவருடைய சம்மதம் குறுக்கே நிற்கும், நிற்கவும் வேண்டும்.

தமிழில் 'கா' என்ற வேரிலிருந்து காவல், காப்பு இரண்டும் பிறந்தன. காவல் இன்று காவல்துறைக்குப் போய்விட்டது. பாதுகாப்பு, படைத்துறைக்கும் வாயிற்காவலுக்கும் பொதுவாகிவிட்டது. காப்பு மட்டும் பழைய ஈரம் காயாமல் இருக்கிறது: குழந்தையின் கையில் கட்டுவது காப்பு, பிள்ளைத்தமிழின் முதல் பருவம் காப்பு. அதனோடு கடமையைச் சேர்த்துக் 'காப்புக்கடமை' என்பதே எங்கள் பரிந்துரை. சோழர் காலக் கல்வெட்டுகளில் கடமை என்பது செலுத்தியே தீரவேண்டிய நிலவரி. விருப்பமிருந்தால் செய்யும் உதவியன்று என்பதை அந்தச் சொல் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. 'கண்காணிப்பு' என்று பெயர்ப்பதை ஏற்க முடியாது. கண்காணிக்கப்படுகிறோம் என்று உணரும் மாணவர் வாய்திறக்கமாட்டார்.

இதன் உடன்சொல் 'கிரைசிஸ் சப்போர்ட்'. கிரேக்கத்தில் 'கிரிசிஸ்' என்றால் பிரித்தறிதல், தீர்ப்பு. பழைய கிரேக்க மருத்துவர்கள் நோய் தணியுமா முற்றுமா என்று தெரியும் திருப்பத்தை அப்படி அழைத்தார்கள். நம்முடைய 'நெருக்கடி' நெருக்குதலைச் சொல்கிறது, திருப்பத்தைச் சொல்லவில்லை. ஆனாலும் மாற்ற வேண்டியதில்லை; மூச்சுமுட்டுகிறது என்று மாணவர் சொல்வதற்கு அதுவே நெருக்கமான சொல். 'சப்போர்ட்' என்பதற்கு மட்டும் ஆதரவைவிடத் துணை பொருந்தும். ஆதரவைத் தூரத்திலிருந்தும் தரலாம். துணை என்றால் கூடவே போவது. இலங்கைத் தமிழில் கவுன்சலிங்கை 'உளவளத்துணை' என்கிறார்கள். தமிழ்நாட்டில் கவுன்சலிங் என்றால் கல்லூரிச் சேர்க்கைக் கலந்தாய்வுதான் முதலில் நினைவுக்கு வரும் என்பதால், அந்தச் சொல்லை எல்லோரும் எடுத்துக்கொள்வது நல்லது.

நெருக்கடித் துணை, கேட்பதில் தொடங்குகிறது. "தப்பா எதுவும் யோசிக்கலையே?" என்று கேட்டால் 'இல்லை' என்ற பதில்தான் வரும், கேள்வியே அந்தப் பதிலைக் கையில் கொடுத்துவிடுகிறது. "சாகணும்னு தோணுதா?" என்று நேராக, பதறாமல் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பது அந்த எண்ணத்தை ஊட்டிவிடாது என்பது ஆய்வுகளில் உறுதியானது. ஆம் என்றால் தனியே விடக்கூடாது. உடனடி ஆபத்து என்றால் முதலில் அவசர மருத்துவ உதவி, நிர்வாகத்துக்குத் தகவல் அதன்பிறகு. "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுப்பது நல்லெண்ணத்தில் செய்யும் பெரும்பிழை. "உங்க உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா, உதவி செய்யக்கூடியவங்ககிட்ட சொல்லியாகணும்; யார்கிட்டன்னு உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்" என்பது காப்பாற்றக்கூடிய வாக்கு. பெற்றோருக்குச் சொல்லலாமா என்பதையும் அவரிடமே கேட்க வேண்டும். தீங்கு வீட்டிலிருந்தே வந்திருக்கலாம்.

அடுத்தது எழுதுவது. மாணவர் சொன்னதை அவர் சொற்களிலேயே, தேதி, நேரத்தோடு, அன்றைக்கே எழுத வேண்டும். நீங்கள் கண்டதையும் ஊகித்ததையும் தனித்தனியே எழுதுங்கள். விசாரணை உங்கள் வேலையில்லை. துருவிக் கேட்டால் பின்னால் வரும் முறையான விசாரணை பலவீனப்படும். பாதிக்கப்பட்டவர் ஒரே கதையை நாலு பேரிடம் சொல்லி நாலு முறை நொறுங்குவார். எழுதியது காப்புக்கடமைப் பொறுப்பாளர் ஒருவரிடம் போக வேண்டும், தெரிய வேண்டியவரைத் தாண்டிப் பரவக்கூடாது.

ஏற்பாடு பெரும்பாலும் உடைவது துண்டுகள் சேராத இடத்தில். சாப்பிட வரவில்லை என்பது விடுதிக்குத் தெரியும், வகுப்புக்கு வரவில்லை என்பது ஆசிரியருக்கு, கட்டணம் நிலுவை என்பது அலுவலகத்துக்கு. தனித்தனியே பார்த்தால் மூன்றும் சிறியவை. யாரோ சொல்லியிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைப்பார்கள். பொறுப்பாளரின் பெயர் போடாமல் பொது மின்னஞ்சல் முகவரி மட்டும் கொடுத்த இடங்களில் வெள்ளி மாலை வந்த கடிதம் திங்களன்றுதான் திறக்கப்படும். மாற்றாள் பெயரும் விடுமுறைநாள் எண்ணும் இல்லாத ஏற்பாட்டைக் காப்புக்கடமை என்று அழைக்க முடியாது.

'தற்கொலை செய்துகொள்ளமாட்டேன்' என்று எழுதி வாங்குவது இன்னும் சில இடங்களில் நடக்கிறது. அந்தத் தாள் நிறுவனத்தின் அச்சத்தைத் தணிக்குமே தவிர, மாணவரைக் காக்கும் என்பதற்குச் சான்று இல்லை. அதற்குப் பதிலாக, அமெரிக்க உளவியலாளர்கள் பார்பரா ஸ்டான்லியும் கிரகரி பிரவுனும் வகுத்த காப்புத்திட்டத்தில் ('சேஃப்டி பிளான்') ஆறு படிகள் உண்டு: எனக்கு எச்சரிக்கை அறிகுறி எது, நானே என்ன செய்து தணிக்கலாம், மனத்தைத் திருப்பும் ஆளும் இடமும் எவை, உதவி கேட்க யார், எந்த மருத்துவர் அல்லது உதவி எண், ஆபத்தான பொருள்களை எட்டாமல் வைப்பது எப்படி. மாணவர் தன் சொற்களில், பயிற்சி பெற்றவர் பக்கத்தில் இருக்க, இதை எழுத வேண்டும். தாள் மாணவரிடமே இருக்கும். சில நாளில் மீண்டும் சந்திக்கும் தேதியை அப்போதே குறித்துக்கொள்ள வேண்டும்.