ஃப்யூஷனுக்கு வெளியிலிருந்து கட்டளையிடும் பைத்தான்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் நண்பர் ஒருவர், பொண்ணு மாப்பிள்ளையைப் பச்சைத் துணி முன்னால் நிறுத்தி எடுத்துவிட்டு, பின்னணியில் சில்வர் பீச் சூரிய உதயத்தைச் சேர்ப்பார். ஒரு கல்யாணத்துக்கு நாற்பது ஐம்பது ஷாட் வரும். படங்களை ஒன்றோடொன்று சேர்க்கும் ஃப்யூஷன் மென்பொருளில் எல்லாவற்றுக்கும் ஒரே நோட் (ஒவ்வொன்றும் ஒரு வேலை செய்யும் கட்டம்) வரிசைதான்: வீடியோவைக் கொண்டுவர லோடர், பச்சையை நீக்க கீயர், கடலோடு சேர்க்க மெர்ஜ், முடிந்ததை எழுத சேவர். ஷாட்டுக்கு ஷாட் மாறுவது ஃபைல் பெயர் மட்டுமே. அதை மவுஸ் பிடித்து ஐம்பது முறை மாற்றுவதில் கலையும் இல்லை, கைத்திறனும் இல்லை. பைத்தான் என்ற நிரல் மொழியிடம் கொடுத்துவிட வேண்டிய வேலை இது.

ஃப்யூஷன் தனி புராசஸ் (கணினியில் தனியாக ஓடும் நிரல்), பைத்தான் தனி புராசஸ். ஒன்றின் மெமரியில் இன்னொன்று கைவைக்க ஆப்பரேட்டிங் சிஸ்டம் விடாது. அதனால் ஃப்யூஷனோடு சேர்ந்து வரும் ஃப்யூஷன்ஸ்கிரிப்ட் என்ற லைப்ரரியை பைத்தானுக்குள் இம்போர்ட் செய்கிறோம். அதிலுள்ள ஸ்கிரிப்ட்ஆப் என்ற ஃபங்ஷன், ஓடிக்கொண்டிருக்கும் ஃப்யூஷனைத் தேடிப்பிடித்து இணைப்பு ஏற்படுத்துகிறது. ஃப்யூஷன் திறந்திருக்காவிட்டால் அந்த வரியில் எரர் எதுவும் வராது. வெறும் 'நன்' (None, 'ஒன்றுமில்லை' என்று பொருள்) திரும்பி வரும். ஸ்கிரிப்ட் விழுவது அதற்கு அடுத்த வரியில்தான். எனவே முதலில் அதைச் சோதித்துவிடுங்கள். ஃப்யூஷனை உள்ளடக்கிய எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வ் வழியாக வருபவர்கள் பிரிஃபரன்ஸில் எக்ஸ்டர்னல் ஸ்கிரிப்டிங்கை 'லோக்கல்' என்று வைக்க வேண்டும். இலவசப் பதிப்பில் இந்த வழி கிடையாது.

இணைந்த பிறகு ஸ்கிரிப்ட் மெர்ஜ் நோட்டைக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். கைக்கு வருவது, பாடலீஸ்வரர் கோயில் வாசலில் செருப்பை விட்டால் தரும் டோக்கன் மாதிரி ஒன்று. நோட் ஃப்யூஷனுக்குள்ளேயே இருக்கிறது. பைத்தானிடம் இருப்பது அதற்கான அடையாளம் மட்டும். 'பிளெண்டை (மெர்ஜின் கலவை அளவை) 0.5 ஆக்கு' என்று எழுதினால், அந்தச் சின்னச் செய்தி இணைப்பு வழியே போய், மாற்றம் அந்தப் பக்கம் நடக்கிறது. நடுவில் யாராவது ஃப்யூஷனை மூடிவிட்டால் கையில் உள்ள எல்லா அடையாளமும் செத்துவிடும்.

இந்த ஏற்பாட்டின் அருமை, படம் இடம் மாறுவதே இல்லை என்பதில் இருக்கிறது. 1920×1080 அளவுள்ள ஒரு ஃப்ரேம், நான்கு சேனல், 32 பிட் ஃப்ளோட் என்றால் சுமார் 33 மெகாபைட். நொடிக்கு 25 ஃப்ரேம் வைத்தால் 800 மெகாபைட்டைத் தாண்டும். இதையெல்லாம் பைத்தானுக்கு அனுப்பித் திரும்ப வாங்கினால் வேலை எப்போது முடிவது? மெர்ஜ் செய்யும் கணக்கு, 1984-இல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் வெளியிட்ட சூத்திரம்: முன்படத்தோடு, பின்படத்தை (1 − ஆல்ஃபா) ஆல் பெருக்கிக் கூட்டு. முன்படத்தின் ஒரு பிக்சல் பின்னால் இருப்பதை எவ்வளவு மறைக்கிறது என்பதை 0 முதல் 1 வரை சொல்லும் எண்தான் ஆல்ஃபா. ஆல்ஃபா ஏற்கெனவே முன்படத்தின் நிறத்தில் பெருக்கப்பட்டிருக்க வேண்டும். பெண்ணின் கூந்தல் நுனியில் ஒரு பிக்சலின் ஆல்ஃபா 0.4 என்றால், அங்கே உதய வானம் 60 சதவீதம் தெரியும். ஃப்ரேமுக்கு 20 லட்சம் பிக்சலுக்கு மேல் நடக்கும் இந்தக் கணக்கில் பைத்தானுக்கு எந்தப் பங்கும் இல்லை.

ஆனால் ஒவ்வொரு செய்தியும் போய்வர நேரம் பிடிக்கும். லூப்புக்குள் ஒரே விவரத்தை மறுபடி மறுபடி கேட்காமல், ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அதைவிட முக்கியம் 'லாக்'. கம்ப்பை (நோட்கள் எல்லாம் இருக்கும் ஃப்யூஷன் கோப்பை) லாக் செய்யாமல் லோடர் ஒன்றைச் சேர்த்தால், ஃப்யூஷன் ஃபைல் கேட்டு ஒரு பெட்டியைத் திறந்துவிட்டு, யாராவது வந்து கிளிக் செய்யும்வரை உட்கார்ந்திருக்கும். ராத்திரி ஓடவிட்ட ஸ்கிரிப்ட் காலையில் அங்கேயே நிற்கும். லாக் செய்தால் பெட்டியும் வராது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் படம் மறுபடி ரெண்டர் ஆகாது. முடிந்ததும் அன்லாக் செய்யுங்கள்.

ஃப்யூஷனின் சொந்த ஸ்கிரிப்ட் மொழி லுவா. அதனால் லோடர்களின் பட்டியல் கேட்டால் பைத்தானுக்கு லிஸ்ட் வராது, 1-லிருந்து எண்ணப்பட்ட டிக்‌ஷனரி வரும். 0 என்று கேட்டால் கிடைக்காது.

நியூக் (படங்களைச் சேர்க்கும் இன்னொரு மென்பொருள்), ப்ளெண்டர் (முப்பரிமாண மென்பொருள்) போன்றவற்றைத் திரையே இல்லாமலும் கிளப்பலாம். அங்கே ஓடும் மென்பொருளைத் தேட வேண்டியதில்லை. ஸ்கிரிப்டே உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். ப்ளெண்டரில் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: கமாண்ட் லைனில் கொடுப்பதை அது கொடுத்த வரிசையிலேயே செய்யும். ஸ்கிரிப்ட் பெயருக்கு முன்னால் ரெண்டர் கட்டளையை எழுதிவிட்டால், ஸ்கிரிப்ட் எதையும் மாற்றுவதற்கு முன்பே பழைய படம் ரெண்டர் ஆகி முடிந்திருக்கும்.