ஃபெர்மாவை மாட்டிவிட்ட 641

2³² + 1 என்பது 4294967297. 429 கோடியும் சொச்சமும். இது பகா எண்தானா? பள்ளிக்கூட வழியில் போனால் வர்க்கமூலம் வரை, அதாவது 65536க்குள் இருக்கும் 6542 பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். கை ஓய்ந்துவிடும்.

2இன் 1, 2, 4, 8, 16ஆம் அடுக்குகளோடு ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537. ஐந்துமே பகா எண்கள். அடுத்து வரும் 32ஆம் அடுக்கும் அப்படித்தான் என்று பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா 1640 வாக்கில் நம்பினார். 1732இல் சுவிஸ் கணிதர் ஆய்லர் அதை உடைத்தார்: 641 × 6700417. அவர் பின்னர் எழுதிவைத்த வழிப்படி, வகுக்க வேண்டியது ஐந்தே தடவை.

முதலில் சின்ன எண்ணில் பாருங்கள். 2இன் அடுக்குகளை 17ஆல் வகுத்து மீதிகளை வரிசையாக எழுதினால் 1, 2, 4, 8, 16, 15, 13, 9, மறுபடி 1. எட்டு அடியில் வட்டம் முடிகிறது. நடுவில் நிற்கும் 16ஐ −1 என்றே வைத்துக்கொள்ளலாம். 17க்கு ஒன்று குறைவுதானே. −1க்கு வர எத்தனை அடியோ, இன்னும் அத்தனை அடி நடந்தால் 1.

இப்போது ‘ப’ என்ற பகா எண் ஒன்று நம் எண்ணை மீதியின்றி வகுக்கிறது என்று கொள்வோம். ‘ப’வால் வகுத்தால் 2³²க்கு மீதி −1, 2⁶⁴க்கு மீதி 1. ஆக வட்டம் 64 அடி. அது சுருங்கவும் முடியாது. சுருங்கினால் அதன் நீளம் 32ஐயும் வகுத்துவிடும். 2³²க்கும் மீதி 1 என்றாகிவிடும். இங்கேதான் ஃபெர்மாவின் சொந்தத் தேற்றம் உள்ளே வருகிறது: ப−1 அடி நடந்தால் மீதி 1 வந்தே தீரும். எனவே ப−1 என்பது 64இன் மடங்கு. 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 என்று எழுதிக்கொண்டு பகு எண்களை அடித்துவிடுங்கள். மிச்சம் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது ஆள் மாட்டிக்கொண்டார்.

சரிபார்க்க நீளமான வகுத்தலே வேண்டாம். 641 = 5 × 2⁷ + 1; ஆகவே 5 × 2⁷க்கு மீதி −1. நான்காம் அடுக்குக்கு ஏற்றினால் 5⁴ × 2²⁸க்கு மீதி 1. ஆனால் 641 = 5⁴ + 2⁴ என்றும் எழுதலாம்; எனவே 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ போடலாம். −2³²க்கு மீதி 1. அதாவது 2³²க்கு மீதி −1; ஒன்றைக் கூட்டினால் மீதி 0. அவ்வளவுதான்.

4294967297இன் இலக்கங்களைக் கூட்டினால் 59, பிறகு 14, பிறகு 5. எண்கணித ஜோதிடர் இதற்குப் புதனைக் காட்டுவார். அது 9ஆல் வகுத்த மீதி மட்டுமே. 3 காரணி இல்லை என்பதைத் தாண்டி 641 பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

கணினியில் சோதிப்பவர்கள் இரண்டு இடத்தில் வழுக்குவார்கள். 32 பிட் மாறியில் 2³² பூஜ்யமாகிவிடும். ஒன்றைக் கூட்டினால் திரையில் 1தான் தெரியும். 64 பிட் எடுங்கள். அடுத்தது, ஃபெர்மா தேற்றத்தை 2ஐ வைத்துச் சோதிப்பது. நம் எண்ணாலேயே வகுத்தாலும் வட்டம் 64 அடி. நம் எண்ணில் ஒன்று குறைத்தால் வரும் 2³²உம் 64இன் மடங்கு. பகு எண்ணாக இருந்தும் மீதி 1 என்றே வந்து ஏமாற்றும். 2க்குப் பதில் 3ஐ எடுத்து 32 முறை வர்க்கப்படுத்துங்கள்; ஒவ்வொரு முறையும் நம் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் கையில் நிற்பது 3029026160. 1 இல்லை; ஆகவே இது பகா எண் அல்ல.